இலைக்குப் பணிந்த பீங்கான்

சீனர்கள் தேயிலையை அறிந்து, அதை அருந்துவதை ஒரு கலையாகவே வளர்த்தெடுத்த பின்னரும், பல நூற்றாண்டுகள்வரை அவர்களிடம் தேநீர்க் கெண்டி இருக்கவில்லை. மூக்கும் கைப்பிடியும் மூடியும் கொண்டு, உள்ளே இலை ஊற, வெளியே சாறு மட்டும் வழியுமாறு அமைந்த அந்தக் கலம் இன்று உலகெங்கும் தேநீரின் அடையாளமாகக் கருதப்பட்டாலும், தேநீரின் நீண்ட வரலாற்றில் அது பிந்தி வந்த ஒன்றே. அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பேழைகளிலும் ஏல நிறுவனங்களின் பட்டியல்களிலும் இடம்பெறும் பழஞ்சீனப் பீங்கான் கெண்டிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் நீல ஓவியத்தையும் அடிப்புற முத்திரையையும் அவை சார்ந்த அரச மரபையும் விவரித்துவிட்டு நின்றுவிடுகின்றனர். அந்தக் கலத்தின் வடிவை முடிவு செய்ததில் அதனுள் இடப்பட்ட இலைக்கும், அந்த இலை பதப்படுத்தப்பட்ட முறைக்கும், அதை ஊற்றிக் குடித்தவர்களின் பழக்கத்துக்கும் இருந்த பங்கு அவ்விவரணைகளில் மறைந்துபோகிறது. கலம் எப்போதும் இலையைப் பின்தொடர்ந்தே வந்திருக்கிறது என்பதைச் சீனத்தின் தேநீர் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

தாங் மரபினர் ஆண்ட காலத்தில் தேயிலை ஆவியில் வேகவைக்கப்பட்டு, இடித்து, அச்சில் அழுத்தப்பட்டுக் கட்டிகளாக உலர்த்தப்பட்டது. குடிக்கும்போது கட்டியை நெருப்பில் வாட்டி, பொடியாக அரைத்து, கொதிக்கும் நீரில் இட்டு, சிறிது உப்பும் சேர்த்து, அகப்பையால் கிண்ணங்களில் முகந்தனர். எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த லூ யூ என்பவர் தேயிலைக்கென்றே எழுதிய முதல் பெருநூலில் பயிர், பறிப்பு, நீர், நெருப்பு, கருவிகள் ஆகிய அனைத்தையும் வகைப்படுத்திக் கூறுகிறார். அந்நூலில் கிண்ணங்களைத் தரவரிசைப்படுத்தும் இடம் கவனத்துக்குரியது. வடக்கேயிருந்து வந்த சிங் சூளைகளின் வெண்கிண்ணங்களைவிடத் தெற்கின் யுவே சூளைகளின் பசுமை படர்ந்த கிண்ணங்களையே அவர் உயர்வாகக் கருதினார். வெண்கிண்ணத்தில் தேநீர் சிவந்து தோன்றுவதும், யுவே கிண்ணத்தில் அது பசுமையாகத் தோன்றுவதுமே அவர் கண்ட காரணம். கலத்தின் அழகைக் கலத்தில் தேடாமல் அதில் நிற்கும் சாற்றின் நிறத்தில் தேடிய அந்தப் பார்வை, சீனத் தேநீர்க் கலங்களைப் புரிந்துகொள்வதற்கான முதல் திறவுகோல் ஆகும்.

சோங் மரபின் காலத்தில் முறை மாறியது. நுண்ணிய பொடியாக அரைத்த தேயிலையைக் கிண்ணத்திலேயே இட்டு, அதன்மேல் கொதிநீரை ஊற்றி, மூங்கில் கடைகோலால் வெண்ணுரை எழும்வரை கடைந்து குடித்தனர். நுரையின் வெண்மையும் அது நிலைத்து நிற்கும் நேரமும் தேநீரின் தரத்துக்கு அளவுகோல்கள் ஆயின. யாருடைய நுரை நீடிக்கிறது என்பதை வைத்துப் போட்டிகளும் நடந்தன. வெண்ணுரையை எடுத்துக்காட்டக் கருநிறம் வேண்டியிருந்ததால், பூச்சியான் பகுதியின் ஜியான் சூளைகளில் இரும்புச் சத்து மிகுந்த மண்ணால் செய்யப்பட்ட கருங்கிண்ணங்கள், முயலின் உரோமத்தைப் போன்ற மெல்லிய கோடுகள் ஓடிய மெருகுடன், அரசவை வரை சென்றன. அவற்றின் தடித்த சுவர் சூட்டையும் காத்தது. 1107ஆம் ஆண்டளவில் தேயிலை பற்றித் தாமே ஒரு நூல் எழுதிய பேரரசர் ஹுய்சோங் இத்தகைய கிண்ணங்களையே சிறந்தவையாகக் கூறுகிறார். அக்காலத்தில் மூக்குள்ள கலம் ஒன்று இருந்தது என்பது உண்மையே. ஆனால் அது நீரை ஊற்றுவதற்கு மட்டும் பயன்பட்ட நீர்க்குடுவை. அதனுள் இலை இடப்படவில்லை.

இந்த நிலையை மாற்றியது ஓர் அரசாணை. மிங் மரபை நிறுவிய ஹொங்வூ பேரரசர், உழவர் குடியில் பிறந்து அரியணை ஏறியவர். அரண்மனைக்குத் திறையாகச் செலுத்தப்பட்ட தேயிலைக் கட்டிகளைச் செய்வதில் மக்களின் உழைப்பு அளவின்றிச் செலவாவதைக் கண்டு, 1391ஆம் ஆண்டில் கட்டித் தேயிலையை நிறுத்தி, உதிரி இலையையே திறையாகச் செலுத்துமாறு அவர் ஆணையிட்டார். உதிரி இலை அதற்கு முன்பே மக்களிடம் வழக்கில் இருந்தது; அரசவை அதை ஏற்றுக்கொண்டதும் உயர்குடியினரின் பழக்கமும் அதை நோக்கித் திரும்பியது. இப்போது புதிதாக ஒரு சிக்கல் எழுந்தது. பொடியை நீரோடு சேர்த்தே குடித்துவிடலாம். முழு இலையையோ நீரில் சிறிது நேரம் ஊறவைக்க வேண்டும், பின்னர் சாற்றை இலையிலிருந்து பிரிக்க வேண்டும், அதற்குள் சூடும் மணமும் போய்விடாமல் காக்க வேண்டும். ஊறவைத்தல், பிரித்தல், காத்தல் என்னும் மூன்று பணிகளையும் ஒரே கலம் செய்யவேண்டிய தேவையிலிருந்துதான் தேநீர்க் கெண்டி பிறந்தது. கிண்ணங்களின் நிறமும் உடன் மாறியது. நுரை மறைந்து, தெளிந்த இளம்பச்சைச் சாறு வந்ததும் கருங்கிண்ணத்துக்கு வேலை இல்லாமல் போனது. மிங் காலத் தேயிலை நூலோர் வெண்பீங்கான் கிண்ணத்தையே விரும்பினர்.

முதலில் புகழ்பெற்ற கெண்டிகள் பீங்கானால் ஆனவை அல்ல. தாய் ஏரியின் மேற்கே உள்ள யீசிங் நகரத்தில், ஊதாச் சாயல் கொண்ட ஒரு வகை மண்ணால், மெருகு பூசப்படாமல் சுடப்பட்ட கெண்டிகளே அவை. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோங் சுன் என்னும் பணியாள் ஒருவர் ஒரு கோயிலின் துறவியிடமிருந்து இந்தக் கலையைக் கற்றதாக மரபு கூறுகிறது. நாஞ்சிங் அருகே, 1533ஆம் ஆண்டில் புதைக்கப்பட்ட ஊ ஜிங் என்னும் அரண்மனை அதிகாரியின் கல்லறையில் கிடைத்த, மேலே வளைந்த கைப்பிடி கொண்ட கெண்டியே காலம் உறுதியாகக் கூறத்தக்க மிகப் பழைய யீசிங் கெண்டியாகக் கொள்ளப்படுகிறது. மெருகற்ற அந்த மண் நுண்துளைகள் உடையது. நாள்தோறும் ஒரே வகைத் தேயிலையை ஊறவைத்தால் அதன் மணத்தை மெல்ல ஏற்றுக்கொள்ளும். மிங் காலத்தின் இறுதியில் அறிஞர்கள் சிறிய கெண்டியையே போற்றி, விருந்தினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கெண்டி வைப்பதைப் பரிந்துரைத்தனர். கலம் பெரிதானால் மணம் சிதறிவிடும் என்பது அவர்களின் கருத்து.

பீங்கான் கெண்டியின் இயல்பு இதற்கு நேர்மாறானது. ஜியாங்சி மாநிலத்தின் ஜிங்தெசென் நகரம், 1004ஆம் ஆண்டில் தொடங்கிய ஓர் அரச ஆண்டுக்கணக்கின் பெயரைத் தாங்கி, பல நூற்றாண்டுகளாகச் சீனப் பீங்கானின் தலைமைச் சூளைக்களமாக விளங்கியது. அங்கே இரண்டு பொருள்கள் கலக்கப்பட்டன. ஒன்று, அருகிலுள்ள காவ்லிங் மலையின் பெயரால் உலகெங்கும் கயோலின் என்றே அழைக்கப்படும் வெண்களிமண். மற்றொன்று, நீர்விசையால் இயங்கும் உலக்கைகளால் இடிக்கப்பட்டு, கழுவி, செங்கற்களாக வார்க்கப்பட்ட பீங்கான் கல். கயோலின் எலும்பு, கல் அதன்மேல் அமையும் தசை என்று குயவர்கள் விளக்கியதாக அந்நகரில் வாழ்ந்த பிரெஞ்சு இயேசு சபைத் துறவி தான்த்ரகோல் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ 1300 பாகை செல்சியசில் கல் உருகிக் கண்ணாடியாகி வெண்களிமண்ணின் இடைவெளிகளை நிரப்ப, கயோலின் உருகாமல் வடிவைத் தாங்கி நிற்கிறது. இவ்வாறு இறுகிய உடல் நீரையோ மணத்தையோ உறிஞ்சுவதில்லை. நேற்றைய தேநீரின் நினைவை அது இன்றைய தேநீரில் கலப்பதில்லை. கொதிநீர் திடீரெனப் பட்டாலும் எளிதில் வெடிப்பதில்லை. ஒரே இலையோடு நீண்டநாள் பழகவேண்டிய கலம் யீசிங் கெண்டி என்றால், எந்த இலையையும் அதன் இயல்பு கெடாமல் காட்டும் கலம் பீங்கான் கெண்டி ஆகும்.

பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு ஜிங்தெசென் கெண்டியை அருகில் வைத்துப் பார்த்தால், அதன் ஒவ்வோர் உறுப்பும் ஊற்றுதல் என்னும் ஒரே செயலுக்காக அமைந்திருப்பது தெரியவரும். உருண்ட வயிறு சக்கரத்தில் வனையப்பட்டது. மூக்கு இரு பாதிகளாக அச்சில் எடுக்கப்பட்டு ஒட்டப்பட்டு, பின்னர் நீர்த்த களிக்குழம்பால் உடலோடு இணைக்கப்பட்டது. மூக்கின் நுனி கலத்தின் வாய் விளிம்புக்குக் கீழே இறங்கினால் கலம் நிறையும் முன்பே நீர் வழிந்துவிடும் என்பதால் இரண்டும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் வைக்கப்பட்டன. மூடியிலுள்ள ஊசித் துளை காற்றை உள்ளே விடுவதற்காக ஏற்பட்டது. அதை விரலால் அடைத்தால், மூடி நன்கு பொருந்திய கெண்டியில் ஒழுக்கு நின்றுபோகும். மூக்கு உடலோடு சேரும் இடத்தில், உட்புறச் சுவரில், இலையைத் தடுக்கும் சிறு துளைகள் இடப்பட்டன. பழங்கலங்களில் பல, மது ஊற்றவே செய்யப்பட்டவை. ஐரோப்பியர் அவற்றில் சிலவற்றைத் தேநீர்க் கெண்டிகள் என்றே எண்ணி வாங்கினர். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும், உட்சுவரிலுள்ள ஒற்றைத் துளையோ பல துளைகளோ அக்கலத்தில் இருந்தது மதுவா இலையா என்பதை ஊகிக்க உதவுகிறது. சேகரிப்பாளரின் கண் முதலில் செல்லும் நீல ஓவியத்தைவிட, யாரும் பார்க்காத அந்த உட்சுவரே கலத்தின் வாழ்வைப் பற்றிக் கூடுதலாகச் சொல்கிறது.

ஓவியமும் எளிதில் வந்ததன்று. சுடப்படாத உலர்ந்த களியின்மேல் கோபால்ட் குழம்பைத் தூரிகையால் தீட்டும்போது, களி அதை உடனே உறிஞ்சிக்கொள்வதால் பிழை திருத்த வழியில்லை. தீட்டும் நேரத்தில் சாம்பல் கலந்த கருமையாகத் தெரியும் கோடு, மெருகின் அடியில் சுடப்பட்ட பின்னரே நீலமாக மலரும். 1637ஆம் ஆண்டில் வெளிவந்த தம் தொழில்நுட்பக் களஞ்சியத்தில் சோங் யிங்சிங், ஒரு கிண்ணம் முழுமை பெறுவதற்குள் 72 கைகளைக் கடந்து செல்வதாகக் கணக்கிடுகிறார்; தான்த்ரகோலும் 1712ஆம் ஆண்டுக் கடிதத்தில் ஏறத்தாழ 70 பேரைக் குறிப்பிட்டு, ஓவியக் கூடத்தில் ஒருவர் எல்லைக்கோட்டை மட்டும் வரைய, இன்னொருவர் வண்ணம் நிரப்புவதை விவரிக்கிறார். இத்தனை கைகளில் ஒன்றின் பெயரும் கலத்தில் இல்லை. யீசிங் கெண்டியின் அடியில் ஷி தாபின் போன்ற கலைஞரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். ஜிங்தெசென் கெண்டியின் அடியில், முத்திரை ஏதேனும் இருந்தால், அது பெரும்பாலும் பேரரசரின் ஆட்சிப் பெயராகவே இருக்கும். அந்த முத்திரையும் உறுதியான சான்றாகாது. காங்சி காலத்துக் குயவர்கள், தங்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய செங்குவா ஆட்சியின் முத்திரையை இட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டினர் காங்சியின் முத்திரையை இட்டனர். சில வேளைகளில் அது ஏமாற்று; பல வேளைகளில் முன்னோரின் திறனுக்குச் செலுத்திய மரியாதை.

கெண்டியும் இலையும் சேர்ந்தே கடல் கடந்தன. ஜிங்தெசென்னிலிருந்து ஆறுகளின் வழியே போயாங் ஏரியையும் கான் ஆற்றையும் கடந்து, மெய்லிங் கணவாயில் கூலியாள்களின் தோள்களில் ஏறி இறங்கி, மீண்டும் ஆற்றுவழியே குவாங்சோ துறைமுகத்தை அடைந்த பீங்கான், அங்கே தேயிலைப் பெட்டிகளுடன் கப்பலில் ஏற்றப்பட்டது. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் கெல்டர்மால்சன் என்னும் கப்பல் 1752 ஜனவரியில் தென்சீனக் கடலில் பாறையில் மோதி மூழ்கியபோது, அதிலிருந்த 112 பேரில் 32 பேரே உயிர் தப்பினர். அதன் சரக்குப் பட்டியலில் தேயிலை மட்டும் ஏறத்தாழ 6,87,000 இறாத்தல். பீங்கான் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட உருப்படிகள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தேநீர்க் கிண்ணங்களும் தட்டுகளும் இருந்த அக்கப்பலில் கெண்டிகள் 578 மட்டுமே. மொத்தச் சரக்கின் மதிப்பில் பீங்கானின் பங்கு மிகச் சிறியது. கசிநீர் பட்டாலும் கெடாது என்பதால் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கப்பட்டு, மேலிருந்த விலைமிக்க இலையைக் காக்கும் வேலையையும் அது செய்தது. கப்பல் மூழ்கிய பின் நிலைமை தலைகீழானது. சிதறிப் படிந்த தேயிலை பீங்கானின்மேல் தடித்த போர்வையாகி, இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக உப்புநீரிலிருந்து அதன் மெருகைக் காத்தது.

1985ஆம் ஆண்டில் அந்தப் பீங்கான் மீட்கப்பட்டு, அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விடப்பட்டபோது உலகமே வியந்தது. கெண்டிகளும் கிண்ணங்களும் பெருவிலைக்குப் போயின. ஆனால் அவற்றைக் காத்த தேயிலை அடுக்கும், பெட்டிகள் வைக்கப்பட்டிருந்த முறையும், கப்பலின் உடலும் தொல்லியல் நெறிப்படி பதிவு செய்யப்படவில்லை என்று ஆய்வாளர்கள் வருந்தினர். அவர்களின் வருத்தம் நியாயமானது. விலை போகக்கூடியதை எடுத்துக்கொண்டு, அதற்குப் பொருள் தந்ததைக் கடலிலேயே விட்டுவந்த அந்த மீட்பு, பழம்பொருள் உலகம் தேநீர்க் கலங்களை எவ்வாறு பார்க்கிறது என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாக அமைந்துவிட்டது.

ஐரோப்பாவில் கெண்டியின் அளவை இலையின் விலையே முடிவு செய்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேயிலை பூட்டி வைக்கும் பொருளாக இருந்ததால் கெண்டிகள் சிறியனவாகவே இருந்தன; 1784ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு தேயிலை வரியை 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காட்டுக்குக் குறைத்த பின், இலை மலிந்து, கெண்டியும் பெருத்தது. பீங்கானின் நுட்பத்தை அறியாத ஐரோப்பியக் குயவர்கள் செய்த மென்கலவைக் கெண்டிகள் கொதிநீர் பட்டு வெடித்தன. சாக்சனியில் பெட்கர் என்பவர் உண்மைப் பீங்கானைக் கண்டறிந்து, 1710ஆம் ஆண்டில் மைசன் ஆலை தொடங்கப்பட்டபோது, அங்கே முதலில் விற்பனைக்கு வந்தது யீசிங் கெண்டிகளைப் பின்பற்றிய செந்நிறக் கலங்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலையே இடம் மாறியது. இலங்கையில் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிரும், அசாமின் தோட்டங்களும் சீன இலையைப் பிரித்தானியச் சந்தையில் பின்னுக்குத் தள்ளின. சீன வடிவத்தில், சீனக் காட்சிகள் தீட்டப்பட்ட ஆங்கிலேயக் கெண்டிகளில் பாலோடு சேரும்படி ஊறிய கடுஞ்சாற்றின் இலையில் ஒரு பெரும்பகுதியை, தென்னிந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் மலைச்சரிவுகளில் கொய்தனர். ஜிங்தெசென்னின் 72 கைகளைப் போலவே அந்தக் கைகளின் பெயர்களும் எந்தக் கலத்திலும் இல்லை.

இதே காலத்தில் தென்சீனத்தில் தேநீர் எதிர்த்திசையில் சென்றது. பூச்சியானிலும் சாவோசோவிலும் பாதி நொதித்த ஊலாங் இலையைச் சின்னஞ்சிறு கெண்டியில் நிறைய இட்டு, சில நொடிகளே ஊறவைத்து, பலமுறை வடித்துக் குடிக்கும் கோங்பூ முறை நிலைபெற்றது. 1786ஆம் ஆண்டில் ஊயி மலைக்குச் சென்ற கவிஞர் யுவான் மெய், அதுவரை ஊயித் தேயிலையின் கசப்பை விரும்பாதிருந்தவர், அங்குள்ள துறவிகள் மிகச் சிறிய கிண்ணங்களில் அளித்ததை முதலில் முகர்ந்து, பின் சிறிது சிறிதாகச் சுவைத்துத் தம் கருத்தை மாற்றிக்கொண்டதைப் பதிவு செய்திருக்கிறார். சாவோசோவில் கிண்ணங்களை ஒட்டி வைத்து, கெண்டியை ஒரே கிண்ணத்தில் நிறுத்தாமல் வட்டமாகச் சுழற்றி ஊற்றுவர். இறுதியில் எஞ்சும் சொட்டுகளையும் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் பகிர்ந்து விடுவர். முதலில் வரும் சாறு மெலிந்தும் இறுதியில் வருவது அடர்ந்தும் இருக்கும் என்பதால், எல்லோருக்கும் ஒரே சுவை சேரவேண்டும் என்ற அக்கறையே அச்செயலின் உட்பொருள். பெரிய கெண்டியில் அந்த வேறுபாடு தெரியாது. சிறிய கெண்டி பகிர்வில் நேர்மையைக் கேட்கிறது. 2022ஆம் ஆண்டில் யுனெஸ்கோ சீனத்தின் மரபுவழித் தேயிலைத் தயாரிப்பையும் அதைச் சார்ந்த சமூக வழக்கங்களையும் மானுடத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டபோது, சாவோசோவின் இந்த முறையும் அதில் இடம்பெற்றது.

பயன்பட்ட கலம் உடையும். உடைந்த கலம் விரும்பப்பட்டதாயின் செப்பனிடப்படும். சீனத்தின் பீங்கான் தைப்பவர்கள் வைரமுனை பொருத்திய துளையூசியால் விரிசலின் இருபுறமும் பாதி ஆழத்துக்குத் துளையிட்டு, சிறு உலோகப் பிணைப்பூசிகளை இறுக்கி, பசையின்றியே கலத்தை நீர் கசியாமல் ஒன்றுசேர்த்தனர். பதினைந்தாம் நூற்றாண்டில் ஜப்பானின் ஆட்சியாளர் ஆசிகாகா யோஷிமாசா, விரிசல் கண்ட ஒரு லொங்சுவான் பச்சைக் கிண்ணத்தைச் சீனத்துக்கு அனுப்பி அதற்கு இணையான ஒன்றைக் கேட்டதாகவும், அத்தகையதை இனிச் செய்ய இயலாது என்ற மறுமொழியுடன் அதே கிண்ணம் பிணைப்பூசிகளால் தைக்கப்பட்டுத் திரும்பி வந்ததாகவும் மரபு கூறுகிறது. தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ள அந்தக் கிண்ணத்தின் புகழுக்கு அந்தத் தையலே காரணம். ஐரோப்பாவிலும் மூக்குடைந்த சீனக் கெண்டிகளுக்கு வெள்ளி மூக்கு பொருத்தினர். இன்றைய ஏலச் சந்தையில் இத்தகைய செப்பங்கள் பொதுவாக விலையைக் குறைக்கும் குறைகளாகவே கணக்கிடப்படுகின்றன. அக்கலம் ஒரு வீட்டில் எவ்வளவு வேண்டப்பட்டது என்பதற்கு அவற்றைவிடத் தெளிவான சான்று வேறில்லை என்பதால், அந்தக் கணக்கு ஏற்கத்தக்கதன்று.

பழங்கெண்டிகளைக் காக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அவற்றில் இன்று தேநீர் ஊற்ற வேண்டும் என்று யாரும் வாதிடவும் இல்லை. ஆனால் காத்தல் என்பது பொருளைத் தூசியிலிருந்து காப்பதோடு நின்றுவிடுவதில்லை. உட்புறத்தில் படிந்த தேநீர்க் கறையைத் தேய்த்து நீக்கி, மூடியை ஒருபோதும் திறக்காமல், ஆட்சிப் பெயரையும் சூளையையும் மட்டும் எழுதிவைக்கும் அருங்காட்சியகம், கலத்தைக் காத்துவிட்டு அதன் பொருளைக் கைவிடுகிறது. உட்சுவரின் துளைகள் பார்வையாளருக்குக் காட்டப்பட வேண்டும். மூடியின் காற்றுத்துளை ஏன் என்று சொல்லப்பட வேண்டும். கலத்தின் கொள்ளளவு குறிக்கப்பட வேண்டும். அது எந்த இலைக்காக, எத்தனை பேருக்காக, எவ்வளவு நேர ஊறலுக்காக வனையப்பட்டது என்பது தெரிந்தால்தான், 1391ஆம் ஆண்டின் ஆணையும், கெல்டர்மால்சனின் சரக்கும், சாவோசோவின் வட்ட ஊற்றும் அந்த ஒரு கலத்தில் சேர்ந்து விளங்கும். இலையின் கதையைச் சொல்லாமல் கெண்டியின் கதையைச் சொல்ல முடியாது. அந்தக் கதையைச் சொல்லும் பொறுப்பு, கெண்டியை விலை கொடுத்து வாங்கிய ஒவ்வொருவருக்கும் அதன் விலையோடு சேர்ந்தே வருகிறது.